அம்மாயியின் ‘ஊர்’ எது? சிறுகதையின் முடிவில் நிற்கிறேன்

மலைச்சாரல்:

வணக்கம். என் அம்மாயியை வைத்து ஒரு சிறுகதை எழுதுகிறேன். நான்கு மாதமாக முடிவு கைகூடவில்லை.

அவர் பிறந்தது 1944-இல், இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன வம்சமான எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியபோது அவருக்கு நாலு வயது. எங்கள் ஆட்களை இந்தியாவுக்கும் சிலோனுக்கும் பிரித்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான 1964-இல் இருபது. 1973-இல் என் அம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள். அப்புறம் கூடலூர். தாயகம் திரும்பியோருக்காக அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அதே கொழுந்து பறிக்கிற வேலை.

கதை முழுக்க ஒரு பொருள் வருகிறது. மட்டக்கம்பு. கொழுந்து எடுக்கும்போது செடியின் தலை ஒரே மட்டமாக நிற்கிறதா என்று மேலே வைத்துப் பார்ப்பார்களே, அது. பாய்க்குள் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறார். கை பிடிக்கிற இடம் மட்டும் கறுத்து வழுவழுவென்று தேய்ந்திருக்கும். கட்டைவிரல் பதிகிற இடத்தில் லேசாக ஒரு குழி. என் விரலை வைத்தால் அந்தக் குழி எனக்குப் பெரிது. இப்போது கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

சிக்கல் இதுதான். அவர் “ஊர்ல” என்று பேச ஆரம்பித்தால் அது பொகவந்தலாவை. காகிதத்தில் ‘சொந்த ஊர்’ துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம், அவருடைய தாத்தா புறப்பட்ட இடம். முகாமில் இருந்தபோது அங்கே போய் ஒரே ஒரு ராத்திரி தங்கியிருக்கிறார். கூடலூரிலோ இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் ‘சிலோன்காரம்மா’. அவர் பொகவந்தலாவைக்குத் திரும்பிப் போய் மண்ணை அள்ளிக்கொண்டு அழுவதாக முடித்திருந்தேன். படிக்கப் படிக்கப் பொய்யாகப்படுகிறது. அவர் போகவே இல்லை. வரைவை இணைத்திருக்கிறேன், சொல்லுங்கள்.

திண்ணை வாசகன்:

படித்தேன். மண்ணை அள்ளுவதை எடுத்துவிடுங்கள், அது உங்கள் அழுகை, அவருடையது இல்லை.

ஒப்பந்தக் கணக்கை ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். வெட்டச் சொல்லத்தான் வந்தேன், மனசு வரவில்லை. ஆட்களை நெல் மூட்டை மாதிரி பங்கு வைத்த கணக்கு அது, வாசகர் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் கதைசொல்லி வாயால் வேண்டாம். முகாமில் யாரோ வாசித்துக் காட்டட்டும், அம்மாயி கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

துறையூர் ராத்திரியை ஏன் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள்? யார் சோறு போட்டார்கள், எங்கே படுத்தார், என்ன முறை சொல்லிக் கூப்பிட்டார்கள்? எனக்கு அங்கேதான் கதை தெரிகிறது.

தலவாக்கலையான்:

நாங்கள் இங்கே இலங்கையிலேயே நின்றுவிட்ட குடும்பம். பெரியப்பா கப்பலேறினார், அப்பா இந்த நாட்டுப் பிரஜாவுரிமை எடுத்தார். இரண்டு பேரும் ஒரே காம்பராவில், லயத்தின் ஒரே அறையில் பிறந்தவர்கள்.

“ரயில் நிலையத்தில் விடைபெற்றார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாயி கோச்சி என்றுதான் சொல்லியிருப்பார், கேட்டுப் பாருங்கள். ஆட்களை ஏற்றிப் போன அந்தக் கோச்சிக்கு எங்கள் அப்பா வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஜன்னலுக்கு உள்ளேயும் ஒப்பாரி, வெளியேயும் ஒப்பாரி.

இன்னொன்று. எங்கள் மலையை இழந்துபோன இடமாக மட்டும் எழுதிவிடாதீர்கள். விடிந்தால் இங்கே பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, ஆள் போகிறது. உங்கள் அம்மாயி விட்டுவந்த மாதிரியான ஒரு மலையில்தான் என் தங்கச்சி இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறாள்.

மலைச்சாரல்:

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று அம்மாயியிடம் துறையூர் ராத்திரியைக் கேட்டேன். முதலில் “அது எதுக்கு இப்போ?” என்றார். அப்புறம் அவராகவே சொன்னார்:

“சோறு நல்லாத்தான் போட்டாங்க. பங்கு கேக்க வந்திருக்கேனோன்னு அந்த வீட்டம்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. திண்ணையில படுத்தேன். கம்ப முகாம்லயே வச்சிட்டு வந்துட்டமே, அடுப்புக்கு எடுத்துருவாங்களோன்னு விடிய விடிய தூக்கமில்ல. மொத பஸ்ஸுக்கு ஓடியாந்துட்டேன்.”

எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. கதையை அந்தத் திண்ணையில் தொடங்கி, முதல் பஸ்ஸில் முடிக்கப்போகிறேன். ரயிலைக் கோச்சியாக மாற்றிவிட்டேன்.

தலவாக்கலையாரே, உங்கள் தங்கச்சியிடம் ஒன்று கேட்டுச் சொல்வீர்களா? அங்கே இப்போதும் மட்டக்கம்பு வைத்துத்தான் எடுக்கிறார்களா? அம்மாயிக்குத் தெரிய வேண்டுமாம்.