வஞ்சிரத்தின் செவிக்கல்லில் வளையம் தெரியவில்லை, வழி சொல்லுங்கள்

முதுகலை ஆய்வுக்காக வஞ்சிரம் மீனின் வயதைக் கணிக்கிறேன். ஜனவரி முதல் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் 46 தலைகள் சேர்த்தேன். மீன்களின் நீளம் 52 முதல் 94 செ.மீ. செவிக்கல்லை (மீனின் உள்காதில் இருக்கும் சிறு சுண்ணாம்புக் கல்; அதன் வளையங்களை எண்ணித்தான் வயது கணிப்போம்) எடுத்துவிட்டேன், ஆனால் வளையங்களை எண்ண முடியவில்லை.

கல் அரிசி மணி போல மெல்லியது. முதலில் முழுக் கல்லைக் கிளிசரினில் ஊறவைத்து, கறுப்புத் தாள்மேல் 40 மடங்கில் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு கோடு, நடுவில் பால் கொட்டியதுபோல் ஒரே வெண்மை. அப்புறம் சூடான தட்டில் லேசாக வறுத்தேன், விளிம்பில் விரிசல் விட்டது. எபாக்ஸி பிசினில் பதித்து, குறுக்கே வெட்டி, 1200 எண் உப்புத்தாளில் தேய்த்ததில் ஆறு கற்கள் நொறுங்கின. ஒவ்வொன்றும் ஒரு மீனின் முழு வாழ்க்கைக் கணக்கு, மனசு கேட்கவில்லை.

ஃபார்மலினில் போட்டால் கல் கரையும் என்பதால் காயவைத்துக் காகித உறையில்தான் வைத்திருக்கிறேன். வைர ரம்பம் இங்கே இல்லை, நகைப்பட்டறை ரம்பம்தான். ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கினால் விசைப்படகு மீன் வராது, வீணாக்க இனி கல் இல்லை.

வஞ்சிரம் செவிக்கல்லைத் தேய்த்துப் பழகியவர்கள், மையம் தெளிவாகத் தெரிய எந்தத் தடிமனில் நிறுத்துகிறீர்கள்?