பச்சையா நீலமா

குழு: பெரம்பூர் வீடு
வியாழன்

சரோஜா அத்தை, 10:42
நித்யா இருக்கியாம்மா? மருந்துக்கடைல நிக்கறேன். போன வாரம் டாக்டர் ஈறு கிளீன் பண்ணி வாய் கொப்பளிக்க ஒண்ணு எழுதிக் குடுத்தார். சீட்டு புடவை முந்தில முடிஞ்சு வெச்சேன், மெஷின்ல போயிடுச்சு. கடைப் பையன் பச்சையா நீலமாங்கறான்

பெரியம்மா, 10:43
வெந்நில கல்லுப்பு போடு சரோஜா. எங்கம்மா காலத்துல இதெல்லாம் ஏது

சரோஜா அத்தை, 10:43
எனக்கு பிரஷர் இருக்கே அண்ணி

நித்யா, 10:44
துப்பத்தானே போறீங்க அத்தை 😂

கோபு சித்தப்பா, 10:49
அக்கா, கலரைப் பாத்து வாங்கற சாமான் இல்ல இது. அந்தக் காலத்துல லிஸ்டரினையே 1879ல ஆபரேஷன் பண்ற இடத்துல கிருமி கொல்லத்தான் அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க. லிஸ்டர்னு ஒரு பெரிய சர்ஜன், அவர் பேரைத்தான் வெச்சாங்க. வாய் நாத்தத்துக்குன்னு விளம்பரம் பண்ணினதெல்லாம் அப்பறம். அதனால முதல்ல நம்ம வாய்க்கு என்ன கோளாறுன்னு பாக்கணும். ஈறுல ரத்தமா, சொத்தையா, வறட்சியா, வெறும் வாடையா? நாலுக்கும் நாலு மருந்து. பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல இருக்கும், கண்ணாடி போட்டுக்கிட்டுப் படி. இன்னொண்ணு

முரளி அண்ணா, 10:49
வேன் 6 மணிக்கா 6.30க்கா? டிரைவர் கேக்கறார்

நித்யா, 10:50
அத்தை ரத்தம் வந்துச்சா

சரோஜா அத்தை, 10:51
பிரஷ்ஷெல்லாம் சிவப்பு. சுகர் வேற. இப்போ கொஞ்சம் பரவால்ல

நித்யா, 10:51
அப்ப குளோர்ஹெக்சிடின்னு கிருமி கொல்ற மருந்து எழுதியிருப்பாங்க. 0.2 சதவீதம்னு போட்டிருக்கும். கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்குங்க

நித்யா, 10:52
மூடில 10 மில்லிக்கு கோடு இருக்கும். அரை நிமிஷம். காலைல, ராத்திரி. பல் தேச்ச உடனே வேண்டாம், அரை மணி கழிச்சு. பேஸ்ட்ல இருக்கற நுரை மருந்தை வேலை செய்ய விடாது

கோபு சித்தப்பா, 10:54
அதைத்தான் சொல்ல வந்தேன். நானும் அதைத்தான் போட்டேன்

விஜி சித்தி, 10:54
சொல்லுங்க சொல்லுங்க. மிச்சத்தையும் சொல்லுங்க

கோபு சித்தப்பா, 10:55
அது வேற விஷயம்

விஜி சித்தி, 10:57
டாக்டரைக் கேக்காம மூணு மாசம் ஊத்தினார் அக்கா. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி வேற. பல்லு பூரா காவி! மறுபடி பாக்கு ஆரம்பிச்சுட்டார்னு நான் எட்டு நாள் பேசல. சட்டைப் பையெல்லாம் தேடினேன்

பெரியம்மா, 10:58
😂😂😂 அதான் பொங்கல் போட்டோல வாயை மூடிக்கிட்டு நின்னானா

நித்யா, 10:58
2 வாரத்துக்கு மேல நீங்களா போடக்கூடாது சித்தப்பா. கிளீன் பண்ணினா கறை போயிடும்

சரோஜா அத்தை, 11:00
ஐயோ நிச்சயத்துக்கு 20 நாள்தான் இருக்கு. சம்பந்தி வீட்டுல பல்லைக் காட்ட வேண்டாமா

நித்யா, 11:01
அதுக்குள்ள கோர்ஸ் முடிஞ்சுடும். காபி டீ குறைங்க. கொப்பளிச்ச உடனே குடிக்காதீங்க. கொஞ்ச நாள் நாக்குல உப்பு ருசி சரியா தெரியாது, பயப்படாதீங்க

ராஜி அக்கா, 11:02
உப்பு தெரியாதா??

ராஜி அக்கா, 11:02
சனிக்கிழமை வில்லிவாக்கத்துல சமையல்காரர் சாம்பிள் குடுக்கறார். ருசி பாக்க அத்தைதானே போறாங்க

விஜி சித்தி, 11:04
அப்ப நான் வேணா போறேன்

சரோஜா அத்தை, 11:05
நீ எதுக்கு விஜி. என் நாக்கு மருந்துக்கெல்லாம் அசையாது. கிரகப்பிரவேசத்துல நாலு பேர் முன்னாடி என் கைல கிராம்பைத் திணிச்சியே, அன்னிக்கே தெரியும் உனக்கு என் வாய் மேல ஒரு கண்ணுன்னு

விஜி சித்தி, 11:06
அண்ணி அது ஜீரணத்துக்கு. பதினஞ்சு வருஷமா சொல்றேன்

விஜி சித்தி, 11:08
🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

முரளி அண்ணா, 11:09
நான் படிச்சுட்டேன் சித்தி

பெரியம்மா, 11:10
நித்யா, எனக்கு ராத்திரி நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்குது. பிரஷர் மாத்திரை மாத்தினதுலேர்ந்துதான். மாடி வீட்டம்மா குடுத்த சுரீர்னு எரியறதை ஊத்தினா இன்னும் காயுது

நித்யா, 11:11
அதுல ஆல்கஹால் இருக்கும். உனக்கு வேண்டாம்மா. ஆல்கஹால் இல்லாததுன்னு பாத்து வாங்கு. மாத்திரையை நீயா நிறுத்தாதே, டாக்டர்ட்ட சொல்லு. தலைமாட்டுல தண்ணி வெச்சுக்கோ

பெரியம்மா, 11:11
ஆல்கஹாலா!! உங்கப்பா இருந்திருந்தா

ராஜி அக்கா, 11:12
சின்னுவும் கேக்கறான். அஞ்சு வயசு. கார்ட்டூன் போட்ட பாட்டில்

நித்யா, 11:12
வேண்டாம். முழுங்கிடுவான். ஆறு வயசாகட்டும். சொத்தை வர்ற பிள்ளைன்னா அப்பறம் ஃபுளோரைடு இருக்கறது, அதுவும் டாக்டர் சொன்னா

கோபு சித்தப்பா, 11:16
ஃபுளோரைடுன்னதும் ஞாபகம் வருது. நான் தர்மபுரி செக்‌ஷன்ல இருந்தப்ப அந்தப் பக்கத்துத் தண்ணில அது ஜாஸ்தி, பிள்ளைங்க பல்லுல மஞ்சளும் பழுப்புமா திட்டுத்திட்டா இருக்கும். அளவா இருந்தா பல்லுக்குக் காவல், மிஞ்சினா அதுவே கறை. நம்ம மெட்ரோ தண்ணிய எடுத்துக்கிட்டா

முரளி அண்ணா, 11:16
லாரி நாளைக்குத்தான் வருதாம். இன்னிக்கு மோட்டார் போடாதீங்க

பெரியம்மா, 11:17
யார் சொன்னா? எனக்கு சொட்டு தண்ணி இல்ல

நித்யா, 11:18
எனக்கு ஓபி கூப்பிடறாங்க. அத்தை, பத்து நாள் கழிச்சும் ரத்தம் வந்தா பாட்டிலை நம்பாதீங்க. திரும்பப் போய்க் காட்டுங்க, சுகரும் பாத்துடுங்க. காசு யோசிச்சா இங்க எங்க பல் காலேஜுக்கே வாங்க, கோட்டை ஸ்டேஷன்ல இறங்கினா பக்கம்

சரோஜா அத்தை, 11:24
கிளினிக்ல பேசினேன். நீ சொன்னதேதான். 10 நாள் போடச் சொன்னாங்க. வாங்கிட்டேன், பச்சையும் இல்ல நீலமும் இல்ல, ரோஸ் கலர்

சரோஜா அத்தை, 11:25
சனிக்கிழமை நான்தான் போறேன். மருந்தை ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஆரம்பிச்சுக்கறேன்

நித்யா, 11:26
அத்தை!! இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிங்க

விஜி சித்தி, 11:27
நான் ஒண்ணும் சொல்லலப்பா

முரளி அண்ணா, 11:31
வேன் 6ஆ 6.30ஆ