கேப்டன்னா ஆலன் பார்டர்தான். மறுக்கறவங்க வரலாம்

பெல்ஸ்ரோடு பெரிசு:
நேத்து டீக்கடையில ஒரு தம்பி, "உலகத்துலயே கெட்டிக் கேப்டன் தென்னாப்பிரிக்காவோட பவுமாதான் சார்"னு அடிச்சு சொன்னான். பவுமா நல்ல ஆளு. ஆனா 1986 செப்டம்பர்ல சேப்பாக்கத்துல இந்தியாவுக்கு எதிரா ஆஸ்திரேலியா கேப்டனா ஆடின பார்டரைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். எனக்கு அப்ப 19 வயசு. ரெண்டாம் நாள் ஆட்டம். எங்க பக்கம் பொட்டு நிழல் கிடையாது, பக்கிங்ஹாம் கால்வாய் நாத்தம் வேற. எனக்கு அடுத்தாப்ல உட்கார்ந்திருந்த பையன் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னாடியே பொத்துனு சாஞ்சுட்டான். நாலு பேரா தூக்கிட்டுப் போய் மூஞ்சில கோலி சோடாவை அடிச்சோம். சும்மா உட்கார்ந்து பார்த்தவனுக்கே அந்தக் கதி!

ஆஸ்திரேலியாவோட டீன் ஜோன்ஸ் பிட்ச் ஓரமா வாந்தி எடுத்துக்கிட்டே ஆடினான். 170 கிட்ட வந்ததும் முடியல, உள்ள போறேன்னு சொல்லியிருக்கான். எதிர்முனையில பார்டர். உன்னால முடியலைன்னா போ, கெட்டியான குயின்ஸ்லாந்துக்காரன் ஒருத்தனை இறக்கிக்கறேன்கிற மாதிரி சொல்லிட்டார். ஜோன்ஸ் வேற மாநிலம், விக்டோரியாக்காரன். சுருக்குனு தைச்சிருக்கும். 210 அடிச்சுட்டுத்தான் போனான். அதே வெயில்ல பார்டரும் 106.

கடைசி நாள் காலையில இந்தியாவை 348 அடிச்சுக்கங்கடான்னு டிக்ளேர் பண்ணார். ஜெயிச்சே ரொம்ப நாளான டீம், தோத்தா ஊர்ல கிழிச்சுத் தொங்க விடுவாங்கன்னு தெரிஞ்சும். கிரெக் மேத்யூஸ் தொப்பியும் ஸ்வெட்டருமா பந்து போட்டு பத்து விக்கெட். கடைசி ஓவர் அஞ்சாவது பந்துல நம்ம மணிந்தர் எல்பிடபிள்யூ, ரெண்டு பக்கமும் சம ரன், மேட்ச் டை. டெஸ்ட் சரித்திரத்துலயே ரெண்டாவது டை. 1984ல முந்தின கேப்டன் கிம் ஹியூஸ் அழுதுக்கிட்டே விட்டுட்டுப் போன டீம்யா அது. 87லயே உலகக் கோப்பை, 89ல இங்கிலாந்துக்கு எதிரான ஆஷஸ் தொடர் 4-0. வேற பேர் சொல்லுங்க பார்ப்போம்.

தல_வெறியன்_07:
தல தல தல

மூணாவது அம்பயர்:
தம்பி, நாட்டு அணி கேப்டன் பத்தின பேச்சு இது. மஞ்சள் ஜெர்சி கதை வேற இழையில. நீக்கியாச்சு.

தல_வெறியன்_07:
2011ல கோப்பை ஜெயிச்சது என்ன மஞ்சள் ஜெர்சியிலயா???

நைட்வாட்ச்மேன்:
அது நியாயமான கேள்விதான், அம்பயர் முழிக்கிறார் பாருங்க.

பெரிசு ஐயா, ஒரு சந்தேகம். உங்க பக்கத்துப் பையன் மயங்கினப்ப தூக்கிட்டுப் போனீங்க, சோடா அடிச்சீங்க. "நீ முடியலைன்னா போ, மயிலாப்பூர்ப் பையன் ஒருத்தனை உட்கார வச்சுக்கறேன்"னு சொன்னீங்களா? இல்லல்ல. அந்த இன்னிங்ஸ் முடிஞ்சதும் ஜோன்ஸை ஆஸ்பத்திரியில படுக்க வச்சு டிரிப் ஏத்தினாங்க. அவருக்கு அது மூணாவது டெஸ்ட்தான். மூணாவது டெஸ்ட் ஆடற பையன் கேப்டனை எதிர்த்து உள்ள போயிடுவானா? அடுத்தவன் உடம்பை அடகு வச்சு வாங்கின பேருக்கு மன உறுதின்னு நாம பட்டம் கட்டறோம்.

எனக்குக் கெட்டிக் கேப்டன்னா தென்னாப்பிரிக்காவோட கிரேம் ஸ்மித். 2009 சிட்னி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரா. இடது கை எலும்பு உடைஞ்சிருக்கு. தொடரை ஏற்கெனவே ஜெயிச்சாச்சு, அந்த மேட்ச் போனாலும் ஒண்ணும் குறையாது. கடைசி விக்கெட்டுக்கு அவரே பேடைக் கட்டிட்டு இறங்கினார். 17 பந்து நின்னார். இன்னும் பத்தே பந்து தாக்குப் பிடிச்சா டிரா, அப்ப ஜான்சன் ஸ்டம்பைத் தூக்கிட்டான். சிட்னி கூட்டமே எழுந்து நின்னு கைதட்டுச்சு. அவர் பணயம் வச்சது அவர் கையை.

சைதை சுழல்:
அதே ஸ்மித்தைத்தான் அதுக்கு முந்தின வருஷம் நம்ம சேவாக் சேப்பாக்கத்துல 319 அடிச்சு வெயில்ல காய வச்சார். அதுவும் மன உறுதிக் கணக்குல சேருமா 😄

நான் கும்ப்ளே கட்சி. ஆன்டிகுவாவுல தாடை உடைஞ்சு, தலையைச் சுத்திக் கட்டுப் போட்டுக்கிட்டு வந்து வெஸ்ட் இண்டீஸ் லாராவை அவுட்டாக்கித் தூக்கினார் பாருங்க. அதுக்கு மேல என்ன வேணும்?

ஸ்கோர்புக்:
அது 2002. அப்ப கேப்டன் கங்குலி. கும்ப்ளே கேப்டன் ஆனது 2007ல.

சைதை சுழல்:
ஸ்கோர்புக் சார் வந்துட்டார், இனிமே வாயைத் திறக்க முடியாது.

ஸ்கோர்புக்:
திறங்க, கணக்கோட திறங்க. நான் பவுமா பக்கம். 2025 ஜூன், லார்ட்ஸ், ஆஸ்திரேலியாவோட டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல். இலக்கு 282. மூணாம் நாள் ஆட ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே தொடைத்தசை பிடிச்சுக்கிச்சு. டீ இடைவேளையில நிறுத்திக்கலாமான்னு பேச்சு வந்தும் திரும்ப வந்தார். ரெண்டு ரன் ஓட வேண்டிய இடத்துல நொண்டி நொண்டி ஒண்ணு. மார்க்ரமோட 147 ரன் பார்ட்னர்ஷிப். 1998க்கு அப்புறம் தென்னாப்பிரிக்காவுக்கு ஐசிசி கோப்பை. அந்த மனுஷன் உயரத்தையும், நிற ஒதுக்கீட்டுக் கோட்டாவுல வந்தவர்னும் சொல்லி எத்தனை வருஷம் கிண்டல் பண்ணோம், நம்ம ஊர் வாட்ஸப் குரூப்ல வந்த மீம் எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நவம்பர்ல ஈடன் கார்டன்ஸுக்கு வந்து, அந்த மேட்ச்லயே ஒரே அரைசதம், 55 நாட் அவுட். நாம 93க்கு ஆல் அவுட். பதில் சொன்னார்ல?

பெல்ஸ்ரோடு பெரிசு:
லார்ட்ஸ்ல பவுமா 2 ரன்ல இருந்தப்ப ஸ்டீவ் ஸ்மித் ஸ்லிப்ல கேட்ச் விட்டான், அதைச் சொல்லலையே! நாலாம் நாள் காலையில ஒரே ஒரு ரன் சேர்த்துட்டு அவுட். உங்க கணக்குப்படியே சொல்றேன்.

ஸ்கோர்புக்:
விட்டதுல ஸ்மித்தோட விரலே பிசகிப் போச்சு, கேட்ச் அவ்வளவு வேகம். பவுமா அடிச்ச 66 போதும் ஐயா. மார்க்ரம் 136ஐ யார் துணையில அடிச்சார்?

ஐஸ்பேக் அக்கா:
ரொம்ப நேரமா படிச்சுட்டு இருக்கேன். நான் பிசியோ. லீக் டீம்களுக்கு வேலை பார்க்கறேன். நீங்க எல்லாரும் ரெண்டு வேற விஷயத்தை ஒரே சட்டியில போட்டுக் கிண்டறீங்க.

பவுமாவுக்கு இருந்தது வலி. தசை கிழிஞ்சா இன்னும் கிழியும், அவ்வளவுதான். அதோட விலை என்னன்னும் அவருக்குத் தெரியும். அடுத்து ஜிம்பாப்வே டெஸ்ட் ரெண்டும் போச்சு. முல்டர் கேப்டனா நின்னு 367 அடிச்சது அவர் இல்லாததால கிடைச்ச வாய்ப்புதான். கிரேம் ஸ்மித் கையும் அதே மாதிரி. தெரிஞ்சு செய்யறாங்க.

ஜோன்ஸுக்கு வந்தது வேற. உடம்புச் சூடு 40 டிகிரி தாண்டினா முதல்ல தடுமாறறது மூளை. அந்த நிலைமையில ஒருத்தன் "நான் ஆடறேன்"னு சொன்னா அதை அவன் சம்மதமா எடுத்துக்கக் கூடாது. குடிச்சவன் கிட்ட வண்டிச் சாவி கொடுக்கற மாதிரி.

ரெண்டு வருஷம் முன்னாடி மே மாசம், ஒரு ஜூனியர் மேட்ச். டீம் பேர் வேண்டாம். 17 வயசுப் பையன், வேகப்பந்து. ஜெர்சி முதுகுல உப்பு வெள்ளைக் கோடா பூத்துப் போயிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தா நெத்தியில வேர்வையே இல்ல. காஞ்ச நெத்தி. "எந்த ஓவர்டா இது?"ன்னு கேட்டேன், அவன் ஸ்கூல் பேரைச் சொன்னான். நான் கையைத் தூக்கறதுக்குள்ள கோச் பவுண்டரியில இருந்து கத்தறார், "பொண்ணாடா நீ, போடுடா"ன்னு. (பொண்ணு நான் பக்கத்துலதான் நிக்கறேன்.) அடுத்த ஓவர் ரெண்டாவது பந்துக்கு ஓடி வரும்போதே விழுந்தான். ஐஸ் மூட்டையைக் கக்கத்துலயும் தொடை இடுக்குலயும் வச்சு ஆட்டோவுல கொண்டு போனோம். பிழைச்சான். அன்னிக்கு அந்த கோச் சொன்ன உதாரணம் என்ன தெரியுமா? பார்டர் கதை. அதே வரி.

சைதை சுழல்:
அக்கா 😟

பெல்ஸ்ரோடு பெரிசு:
அம்மா, அந்த கோச் செஞ்சது தப்பு. ஆனா அதுக்குப் பார்டர் என்ன பண்ணுவார்? ஜோன்ஸே அந்தக் கதையைக் கடைசி வரைக்கும் பெருமையாத்தானே சொல்லிட்டிருந்தார். அந்த இன்னிங்ஸ்தான் தன்னை ஆளாக்கிச்சுன்னுதான் அவருக்கு எண்ணம். நாம வந்து அவருக்காகக் கண்ணீர் விடறது எப்படி?

நைட்வாட்ச்மேன்:
பிழைச்சவர் பெருமையா சொல்லுவார் ஐயா.

அதே சேப்பாக்கம், 2011 மார்ச் 20, வெஸ்ட் இண்டீஸ் மேட்ச். நான் இருந்தேன். யுவராஜ் நடுவுல குனிஞ்சு வாந்தி எடுக்கறார், எழுந்து பவுண்டரி அடிக்கறார், மறுபடி குனியறார். சென்னை வெயில்னு நாங்களே ஒருத்தருக்கொருத்தர் சமாதானம் சொல்லிக்கிட்டோம். 113 அடிச்சார். தொண்டை கிழியக் கத்தினேன். உள்ள புற்றுநோய்க் கட்டி இருந்ததுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. இப்ப அந்த வீடியோ வந்தா சத்தத்தை மூடிட்டுத்தான் பார்க்கறேன். என் குரலும் அதுக்குள்ள எங்கேயோ இருக்கு.

தல_வெறியன்_07:
யுவி அன்னிக்கு விட்டுட்டுப் போயிருந்தா கோப்பை வந்திருக்குமா ப்ரோ? அவர்தானே தொடர் நாயகன்.

ஐஸ்பேக் அக்கா:
கோப்பை வந்திருக்காதுன்னே வச்சுக்கோ. அதுக்காக?

தல_வெறியன்_07:
தெரியல அக்கா. நான் அப்ப 3ஆங் கிளாஸ்.

ஸ்கோர்புக்:
ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஒரு பேரை விட்டுட்டீங்க. நம்ம பழைய கேப்டன் பட்டோடி. 1961ல கார் விபத்துல வலது கண் பார்வை போச்சு. ஆறே மாசத்துல, 1962 ஜனவரி, இதே மெட்ராஸ்ல இங்கிலாந்துக்கு எதிரா 103. அப்ப சேப்பாக்கத்துல டெஸ்ட் இல்ல, கார்ப்பரேஷன் ஸ்டேடியம். அந்த மார்ச்லயே பார்படாஸ்ல, அப்ப கேப்டனா இருந்த நாரி கான்ட்ராக்டர் தலையில அடிபட்டு விழுந்ததால 21 வயசுல கேப்டன். 1967-68 மெல்போர்ன்ல தொடைத்தசை போயும் 75, 85. ஒரு கண்ணு, ஒரு காலு. யாரையும் நீயும் அப்படி ஆடுன்னு அவர் அதட்டினதா நான் படிச்சதில்ல.

பெல்ஸ்ரோடு பெரிசு:
பட்டோடி பேச்சை மெட்ராஸ்காரன் கிட்ட எடுக்காதீங்க. 1974 டிசம்பர், டெல்லி டெஸ்ட். பட்டோடிக்கு விரல்ல அடின்னு நம்ம வெங்கட்ராகவன் கேப்டன். அடுத்த டெஸ்ட்டுக்கு அதே வெங்கட் பன்னிரண்டாவது ஆளு! கேப்டன் செஞ்சவனைத் தண்ணி தூக்க வச்சாங்க. எங்கப்பா சாகற வரைக்கும் அதைச் சொல்லிப் புலம்பினார். மன உறுதின்னா அன்னிக்கு ட்ரேயைத் தூக்கிட்டு நடந்தார் பாருங்க, அது.

ஸ்கோர்புக்:
இதுக்கு மட்டும் என்கிட்ட எதிர்க் கணக்கு இல்ல ஐயா.

நைட்வாட்ச்மேன்:
பெரிசு ஐயா, வெங்கட் பக்கம் நழுவாதீங்க. பார்டர் சொன்னது சரியா, தப்பா? ஒரே வார்த்தை.

பெல்ஸ்ரோடு பெரிசு:
ஒரே வார்த்தையில சொல்ல முடியாது தம்பி. சொல்ற விதம் தப்புன்னு ஒத்துக்கறேன். ஐஸ்பேக் அம்மா சொன்ன காஞ்ச நெத்தி ராத்திரி தூக்கத்துல வரும்னு நினைக்கறேன். ஆனா 348 அடிங்கடான்னு விட்டாரே, அந்தக் காலையை என்கிட்ட இருந்து பிடுங்க விட மாட்டேன்.

இன்னொண்ணு. அன்னிக்கு மயங்கினானே, அந்தப் பையனைப் பத்தி முழுசா சொல்லலை. டீக்கு அப்புறம் திரும்பி வந்துட்டான். தலை ஈரமா, சட்டை பட்டன் எல்லாம் மாத்திப் போட்டு. நான் கூட, பாருடா, இவனும் கெட்டிதான்னு நினைச்சேன்.

ஐஸ்பேக் அக்கா:
அவரா வந்தாரா, யாராவது வரச் சொன்னாங்களா?

பெல்ஸ்ரோடு பெரிசு:
அவன் தயிர்சாத டப்பா என்கிட்ட இருந்துச்சும்மா. அதுக்கு வந்தான். வாங்கிட்டுப் போயிட்டான்.