ஜெட்டா கப்பலில் தண்ணீர் இறைத்தவர்கள்

காலனிக் காலத்துச் சாகச நாவல்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஜோசப் கான்ராடின் ‘லார்ட் ஜிம்’ (1900). கப்பலில் எஞ்சினியராக இருந்தபோது படித்தேன்.

பாட்னா என்ற பழைய கப்பல், அதில் 800 ஹஜ் பயணிகள். இரவில் கப்பல் எதன்மீதோ ஏறி முன்பக்கம் தண்ணீர் புகுகிறது. கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரியான இளம் மேட் ஜிம் விளக்கோடு கீழே இறங்கிப் பார்க்கிறான். தண்ணீர் அடுத்த அறைக்குப் போகாமல் தடுக்கும் பல்க்ஹெட் சுவரின் தகடு உப்பி நிற்கிறது, உள்ளங்கை அகலத்துக்குத் துரு பெயர்ந்து விழுகிறது. துருப்பிடித்த தகட்டோடு பழகியவர்களுக்கு அந்த இடம் வயிற்றைக் கலக்கும். தூங்கும் பயணிகளை விட்டுவிட்டு வெள்ளை அதிகாரிகள் படகில் இறங்குகிறார்கள்; கடைசியில் ஜிம்மும் குதித்துவிடுகிறான். ஆனால் கப்பல் மூழ்கவில்லை. இழந்த மானத்தைத் தேடி அவன் அலைவதுதான் மீதி நாவல்.

நைட் வாட்ச்சில், எஞ்சினுக்கு எண்ணெய் போடும் எங்கள் ஆயில்மேனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தூத்துக்குடிக்காரர். முழுக்கக் கேட்டுவிட்டு, “அவன் வருத்தப்பட்டது இருக்கட்டும் சார், அந்த எண்ணூறு பேரு என்ன செஞ்சாவ? தண்ணிய எறைச்சது யாரு?” என்றார்.

நாவலில் பயணிகள் ஒரு கூட்டம், அவ்வளவுதான். அவர் கேள்விக்குப் பதில் நிஜக் கதையில் இருக்கிறது. 1880-இல் சிங்கப்பூர், பினாங்கிலிருந்து 900-க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு புறப்பட்ட ‘ஜெட்டா’ என்ற நீராவிக் கப்பல்தான் கான்ராடுக்குக் கரு. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் அடித்த அடியில் பாய்லர்கள் இருப்பிடத்தை விட்டு நகர்ந்தன, குழாய்கள் உடைந்தன, எஞ்சின் ரூமில் தண்ணீர் ஏறியது. பாய்லர் ஆடத் தொடங்கினால் பம்புக்கு நீராவி கிடைக்காது. பிறகு மனிதக் கைகள்தான். ஆகஸ்ட் மாதம், சோமாலியாவின் குவார்டாஃபுய் முனைக்கு அருகே, கேப்டன் கிளார்க்கும் சில அதிகாரிகளும் படகில் தப்பினார்கள். வேறொரு கப்பல் அவர்களை ஏமன் கரையிலுள்ள ஏடன் துறைமுகத்தில் சேர்த்தது. ஜெட்டா மூழ்கிவிட்டது என்று சொன்னார்கள். மறுநாளே ‘ஆன்டெனார்’ என்ற கப்பல் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏடனுக்கு வந்தது. மிதக்க வைத்தது, பயணிகள் தண்ணீரை இறைத்து வெளியேற்றியதுதான்! விசாரணையில் கேப்டனின் சான்றிதழ் 3 ஆண்டுக்கு முடக்கப்பட்டது.

சீஃப் மேட் வில்லியம்ஸும் அந்தப் படகில் போனவர்தான். ஜிம் தன் பெயர் தெரிந்த ஊரைவிட்டு ஓடிக்கொண்டே இருக்கிறான். கடைசியில், தன்னால் மகனை இழந்த தலைவர் டோராமினின் துப்பாக்கி முன் போய் நிற்கிறான். வில்லியம்ஸோ, நடந்தது எல்லோருக்கும் தெரிந்த சிங்கப்பூருக்கே திரும்பி, கப்பலுக்குச் சாமான் விற்கும் கம்பெனியில், வரும் கப்பல்களைத் தேடிப் போய் ஆர்டர் பிடிக்கும் வாட்டர் கிளார்க் வேலை பார்த்தார். 1916-இல் அங்கேயே இறந்தார். தினமும் துறைமுகத்தில் கப்பல்காரர்கள் முகத்தில் விழித்துப் பிழைப்பதற்கு, துப்பாக்கி முன் நிற்பதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கான்ராடையும் குறை சொல்லிவிட முடியாது. படிப்பவர்கள் விசாரணைப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். சுக்கானைப் பிடித்தபடியே நின்ற மலாய்க்காரர் இருவர் அங்கே சாட்சி சொல்கிறார்கள். அப்போது என்ன நினைத்தாய் என்று கேட்டால் ஒருவர், ஒன்றும் நினைக்கவில்லை என்கிறார். மற்றவர், வெள்ளைக்காரர்கள் போனதற்கு ஏதாவது ரகசியக் காரணம் இருந்திருக்கும் என்கிறார். சுக்கானை விடச் சொல்லி அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை, அவர்களும் விடவில்லை.