சூரிச்ல அப்பா அம்மாவ சாப்பிட எங்க கூட்டிட்டு போறது?

ஓர்லிக்கான்_புதுசு:
ஊர்லேந்து அப்பா அம்மா வர்றாங்க, ஒரு வாரம் சூரிச்ல எங்க கூடதான். அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அப்பா சிக்கன் மீன் சாப்பிடுவாரு, மாடு பன்றி தொடமாட்டாரு. நானும் வீட்டுக்காரியும் இங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, ஆஃபீஸ் கேன்டீன் தவிர ஒண்ணும் தெரியாது. காசும் பாக்கணும், அதுக்காக முதல் தடவ வர்றவங்கள வீட்லயே உக்கார வெச்சு அனுப்பவும் மனசு வரல. எங்க போகலாம் சொல்லுங்க.

சிக்கனம்_சீனு:
வெளிய சாப்பிடவே வேணாம் தம்பி. ராத்திரி ஒரு சுமாரான ரெஸ்டாரண்ட்ல உக்காந்தா மெயின் டிஷ் ஒண்ணு 35லேந்து 45 பிராங்க், நாலு பேரு, ஆளுக்கொரு கூல்ட்ரிங்க்ஸ், கடைசில காபி அது ஒரு 5 பிராங்க், எல்லாம் சேத்தா 200 போயிடும், சில இடத்துல குழாத்தண்ணிக்கே பில் போடுறாங்க. இவ்ளோ குடுத்து அம்மாவுக்கு கிடைக்கப்போறது உருளைக்கிழங்கும் கிரீமும் சீஸும்தான். காலைல புளிசாதம் கட்டிக்கிட்டு ட்ராம்ல ஏறி சூரிச்ஹார்ன் போயி ஏரிக்கரைல உக்காந்து சாப்பிடுங்க. ஊருக்குள்ள 1,200க்கு மேல நீரூற்று இருக்கு, கிட்டத்தட்ட அத்தனையும் குடிக்கிற தண்ணி, பாட்டில் கூட வாங்க வேணாம். அந்த 200ல ஒரு மலைக்கு கூட்டிட்டு போங்க, அத ஆயுசுக்கும் சொல்லிட்டிருப்பாங்க.

லிம்மாட்_ராஜி:
சீனு அண்ணா ராத்திரி கணக்கையே போட்டு பயமுறுத்துறீங்க. இந்த ஊர்ல வெளிய சாப்பிடுற நேரமே மத்தியானம்தான். அதே கிச்சன், அதே சமையல்காரர், பதினொன்றரைலேந்து ஒன்றரை ரெண்டு வரைக்கும் மிட்டாக்ஸ்மெனுன்னு போட்டு சூப்போ சாலட்டோ சேத்து 22லேந்து 28 பிராங்குக்குள்ள குடுப்பாங்க. வாசல்ல கரும்பலகைல எழுதியிருக்கும், பாத்துட்டே உள்ள போகலாம். ரெண்டு மணிக்கு மேல நிறைய இடத்துல கிச்சன மூடிடுவாங்க, மறுபடி ஆறு மணிக்குதான், சுத்திப் பாத்துட்டு மூணு மணிக்கு பசியோட வந்து நின்னா ஒண்ணும் கிடைக்காது. அதனால தம்பி, அன்னிக்கு ப்ளானே மத்தியான சாப்பாட்ட வெச்சுதான் போடணும்.

அம்மாவுக்கு ஹில்ட்ல். ஸீல்ஸ்ட்ராஸ 28, பான்ஹோஃப்ஸ்ட்ராஸலேந்து நடக்குற தூரம். 1898ல ஆரம்பிச்சது, உலகத்துலயே பழைய சைவ ரெஸ்டாரண்ட்னு கின்னஸ்ல இருக்கு. அந்த குடும்பத்து அம்மா மார்கிரித் ஹில்ட்ல் 1951ல டெல்லில நடந்த உலக சைவ மாநாட்டுக்கு போயிட்டு வந்துதான் நம்மூர் மசாலா சமையல் அங்க மெனுவுக்கு வந்துச்சு, சுவிஸ்ல ஜீரகம் மல்லி கிடைக்காத காலம் அது. இத அம்மா கிட்ட சொல்லிட்டு கூட்டிட்டு போங்க, ரொம்ப சந்தோஷப்படுவாங்க.

சிக்கனம்_சீனு:
தமிழ்நாட்லேந்து ப்ளைட் ஏறி வர்ற அம்மாவுக்கு சூரிச்ல நம்மூர் குழம்பு வாங்கி குடுக்கணுமா ராஜி? அதுவும் எடை போட்டு விக்கிறாங்க, சோறும் குழம்பும் கனம், ஆசையா நாலு கரண்டி போட்டா தட்டு எங்கயோ போயி நிக்கும். பேரு பெருசுங்கறதுக்காக காசு குடுக்குறது எனக்கு சரியா படல.

லிம்மாட்_ராஜி:
குழம்புக்காக போகச் சொல்லல. பஃபேல நூறு ஐட்டத்துக்கு மேல இருக்கும், ஒவ்வொண்ணு முன்னாடியும் என்ன சேத்திருக்குன்னு எழுதியிருக்கும். அம்மா கண்ணால பாத்து, கேட்டு, வேணுங்கறத கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கலாம். நம்ம அம்மாக்கள் வெளிநாட்ல சாப்பிட பயப்படுறது எதுக்குன்னு நினைக்கிறீங்க? உள்ள என்ன கலந்திருக்குமோங்கற பயம்தான், ருசியெல்லாம் அப்பறம். மத்த எந்த கடைலயும் அவங்க பிள்ளை வெயிட்டர் கிட்ட கேட்டு கேட்டுதான் சாப்பிடணும், அந்த அம்மா பாதில போதும்னு சொல்லிடுவாங்க. இங்க மொத்த இடத்துலயும் கறி மீன் கிடையாது, முட்டை இருக்கான்னு மட்டும் எழுதியிருக்குறத பாத்துட்டு தயங்காம சாப்பிடலாம். அதுக்கு கொஞ்சம் கூட குடுக்கலாம்.

வின்டர்தூர்_மணி:
சொய்க்ஹவுஸ்கெல்லர் விட்டுட்டீங்களே! 1487ல கட்டின ஆயுதக்கிடங்கு, 1926லேந்து ரெஸ்டாரண்ட், பரடப்ளாட்ஸ் பக்கம். சூரிச்னா கெஷ்னெட்செல்டஸும் (கிரீம் சாஸ்ல கறித்துண்டு) ரோஷ்டியும் (துருவி வறுத்த உருளைக்கிழங்கு) அங்க சாப்பிடணும். இல்லன்னா பெல்வியூல ஸ்டெர்னன் கிரில், சாங்க்ட் காலன் ஊரு பிராட்வுர்ஸ்ட்னு சுட்ட சாசேஜ், பத்து பிராங்க் சுத்தி வரும், காரமான கடுகோட. சாங்க்ட் காலன்காரங்க அதுக்கு கடுகே தொடமாட்டாங்க, நான் தொட்டுதான் சாப்பிடுவேன்.

ஓர்லிக்கான்_புதுசு:
மணி அண்ணே, அப்பா மாடும் பன்றியும் சாப்பிடமாட்டாருன்னு மேல எழுதியிருக்கேன். கெஷ்னெட்செல்டஸ் கன்னுக்குட்டி கறிதானே? நான் வேணா தனியா வர்றேன். அம்மாவுக்கு ஃபொண்டு வாங்கி குடுக்கலாம்னு இருக்கேன், உருக்கின சீஸ்ல ரொட்டிய தொட்டு சாப்பிடுறது, சீஸ்தானே.

கிச்சின்_அண்ணை:
தம்பி, சுத்த சைவம் எண்டா ஃபொண்டு பக்கம் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. நான் கனகாலமா இங்க ரெஸ்ரோரண்ட் கிச்சின்ல நிக்கிறன், தெரிஞ்சுதான் சொல்லுறன். சீஸை வெள்ளை வைன் ஊத்தித்தான் உருக்கிறது, கிர்ஷ் எண்ட சாராயமும் சேரும். அதோட ஃபொண்டுக்குப் போடுற க்ருயேர் சீஸுக்கு பாலை உறைய வைக்கிறது கண்டுக்குட்டியின்ர இரைப்பையில இருந்து எடுக்கிற நொதியத்தால, அந்தச் சீஸுக்கு எழுதி வச்ச விதியே அப்பிடித்தான். எங்கட ஆக்கள் கனபேர் பால் தானே எண்டு நினைச்சுச் சாப்பிடுகினம். ரோஷ்டியும் சில இடங்களில பன்றிக்கொழுப்பில பொரிக்கிறது, எல்ப்ளர்மக்ரோனன் எண்ட சீஸ் மக்ரோனிக்கு ஸ்பெக் எண்ட பன்றி இறைச்சி போடுறது, மரக்கறி சூப் எண்டாலும் என்ன பூயோன் (சூப்புக்கு ஊத்துற சாறு) எண்டு கேளுங்கோ. கேக்க வெக்கப்படாதேங்கோ, கேட்டா உண்மையைச் சொல்லுவினம்.

அப்பாவுக்கு ஏரிமீன் வாங்கிக் குடுங்கோ, ஃபெல்ஹன் எண்டு கேளுங்கோ. எக்லியும் நல்ல மீன், ஆனா இங்க தட்டில வாறதில கனக்க வெளிநாட்டு மீன்.

சீனு, விலை கூட எண்டுறது சரி, மறுக்கேல்ல. ஆனா காசு வீணாப் போகுது எண்டு எழுதாதேங்கோ. படிப்பில்லாம கிச்சினுக்கு வாற ஆளுக்கும் இங்க எல்-காவ் எண்ட ஹோட்டல், ரெஸ்ரோரண்ட் வேலையாக்களின்ர கூட்டு ஒப்பந்தப்படி முழுநேரத்துக்கு மாசம் 3,600 பிராங்குக்கு மேல குடுக்கோணும், பதின்மூண்டாம் மாசச் சம்பளமும் இருக்கு. எங்கட சனம் 80களில அகதியா வந்து இந்தக் கிச்சின்களில கோப்பை கழுவித்தான் பிள்ளையளைப் படிப்பிச்சது. அந்த 40 பிராங்குக்குள்ள அந்தச் சம்பளமும் கிடக்கு.

சிக்கனம்_சீனு:
அண்ணே, உழைக்கிறவங்க சம்பளத்த நான் குறை சொல்லவே மாட்டேன். என் சம்பளத்துல நாலு பேருக்கு அது தாங்குமாங்கறதுதான் என் கேள்வி. நீங்க சீஸ் பத்தி சொன்னதுக்கு அப்பறம் வீட்டு சமையல்தான் நல்லதுன்னு இன்னும் அழுத்தி சொல்றேன். கடைல வாங்கினாலும் பார்சலா வாங்குங்க, உக்காந்து சாப்பிட்டா வரி 8.1 சதவீதம், எடுத்துட்டு போனா 2.6தான். டிப்ஸும் வைக்க வேணாம், 1974லேந்தே சர்வீஸ் விலைக்குள்ள வந்துருச்சு.

லிம்மாட்_ராஜி:
டிப்ஸ் கட்டாயம் இல்ல, ஆனா நல்லா கவனிச்சா மேல ரெண்டு மூணு பிராங்க் சேத்து குடுக்குறது இங்க வழக்கம், அதையும் நிறுத்தச் சொல்லாதீங்க. பிள்ளை சம்பாதிக்கிற ஊர்ல ஒரு நல்ல மேசைல உக்காந்து, வெள்ளத் துணி போட்டு, ஒருத்தர் வந்து பரிமாறி சாப்பிடுறது அவங்களுக்கு எவ்ளோ பெருமை! ஏரிக்கரை புளிசாதமும் இருக்கட்டும், வாரம் முழுக்க அதேவா?

கிச்சின்_அண்ணை:
ரயில் டிக்கட்டுக்கு வசதி இருந்தா ஒருநாள் பேர்ணுக்கும் போங்கோ, சூரிச்சில இருந்து ஒரு மணித்தியாலம் எடுக்காது. அங்க ஒய்ரோப்பாப்ளாட்ஸில 2014 கடைசியில திறந்த சமயங்களின் இல்லம் இருக்கு, அதுக்குள்ள எங்கட ஞானலிங்கேச்சுரர் கோயில். கும்பிட்டுட்டு அதே கட்டடத்தில வணக்கம் எண்ட ரெஸ்ரோரண்டில அம்மா சாப்பிடலாம், முழுக்க வீகன், பாலே இல்லை. நேரத்தை முதலே பாத்திட்டுப் போங்கோ.

ஓர்லிக்கான்_புதுசு:
எல்லாருக்கும் நன்றி. வேலை நாள்ல ஒரு மத்தியானம் ஹில்ட்ல், ஒரு நாள் அப்பாவுக்கு மீன், ஒரு நாள் பேர்ன். மத்த நாள் சீனு அண்ணே சொன்ன மாதிரி வீட்டு சாப்பாடு. ஃபொண்டு கேன்சல். ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்து இறங்குறாங்க, அன்னிக்கு காய்கறி எங்க கிடைக்கும்?

சிக்கனம்_சீனு:
சனிக்கிழமையே வாங்கி வெச்சிடு. ஞாயிறு பெரும்பாலான கடை மூடியிருக்கும், மெயின் ஸ்டேஷன் மாதிரி பெரிய ஸ்டேஷன் உள்ள இருக்குறதும் ஏர்போர்ட்ல இருக்குறதும் திறந்திருக்கும். மீன் சாப்பாட்டயும் மத்தியானத்துக்கே வெச்சுக்க, ராத்திரிக்கு வேணாம்.