புதுப்பிப்பு: லண்டன் பயணத்துக்கு மடக்குக் கத்தி, எது சரி என்று தெரிந்துவிட்டது

லண்டனுக்கும், இங்கிலாந்தின் ஏரிப் பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டுக்கும் குடும்பத்தோடு போகிறேன், பழம் நறுக்க என்னிடமுள்ள இரண்டு மடக்குக் கத்திகளில் எதை எடுத்துப்போகலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தாச்சு.

கைகொடுத்தது, “அலகை முழுசாகத் திறந்து, எதையும் அழுத்தாமல் மடிக்க முடிகிறதா பாருங்கள்” என்ற யோசனைதான். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் கேட்காமல் பொது இடத்தில் அனுமதிப்பது வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் (7.62 செ.மீ.) தாண்டாத மடக்குக் கத்தியை மட்டுமே. திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி எவ்வளவு சின்னதானாலும் அந்தக் கணக்கில் வராது. தற்காப்புக்காக என்று சொன்னால் இன்னும் மோசம், அது காரணமாகவே எடுபடாது.

என் பெரிய கத்தி ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது, வீட்டிலேயே விட்டேன். இன்னொன்று விக்டோரினாக்ஸ் கம்பெனியின் 91 மி.மீ. மாடல் (இது மடித்த நிலையில் கத்தியின் நீளம், அலகின் நீளம் அல்ல), விரலால் தள்ளியதும் மடங்கியது. வெட்டும் விளிம்பை ஸ்கேல் வைத்தும் அளந்தேன், 3 அங்குலத்துக்குள்தான். அதே கம்பெனியின் 111 மி.மீ. மாடல் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், பெரும்பாலும் பூட்டு இருக்கும்.

விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் போனது, யாரும் கேட்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று. லண்டனில் ஒரு அருங்காட்சியக வாசலில் பையைச் சோதித்தவர், சட்டப்படி சரிதான், ஆனாலும் உள்ளே விடமாட்டோம் என்றார். அது அந்த இடத்தின் சொந்த விதியாம். வாங்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார்களாம். சரி என்று மனைவியையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, அறைக்குப் போய் வைத்துவிட்டு வந்தேன். அப்புறம் ஏரிப் பக்கம் போனபோதுதான் கத்திக்கு வேலை வந்தது.