மறுமொழி: ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டிக்குத் தமிழ்ச்சொல் – ‘ஒலியீவு’

அன்புள்ள ஐயா, குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

> “சென்சிட்டிவிட்டி மிகுந்த ஸ்பீக்கர்களுக்குக் குறைந்த செலவில் எந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரைத் தேடலாம் என்று ஒரு கட்டுரை எழுதுகிறேன். ‘உணர்திறன்’ என்றே எழுதிவிடலாமா?”

வேண்டாம், ஐயா. உணர்திறன் மைக்குக்கு உரிய சொல். மெல்லிய குரலையும் தவறவிடாமல் வாங்கி மின்சாரமாக்குகிறதே, அது உணர்தல். ஸ்பீக்கரின் வேலை வாங்கிய மின்சாரத்துக்கு ஒலியைத் தருவது. ‘உணர்திறன் மிக்க ஸ்பீக்கர்’ என்று படிக்கும் ஒருவர், கைபட்டால் கெட்டுவிடும் பண்டம் என்று எண்ணிக்கொள்வார்.

என் மாமா ஊரில் மைக் செட் வைத்திருந்தார். ஆடி மாதம் முழுவதும் அவருக்குச் சோறு தண்ணீர் கிடையாது. தென்னை மரத்தின் பாதி உயரத்தில் குழாயைக் கட்டிவிட்டுக் கீழே இறங்கி, யூனிட்டுக்குப் போகும் வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். ‘கர்க்’ என்று மேலே சத்தம் வந்ததும் முகம் மலரும். மாரியம்மன் கோயிலில் போடும் பாட்டு வாய்க்கால் தாண்டி அடுத்த ஊருக்குக் கேட்கும். ஆனால், அதே ஆம்ப்ளிஃபையரை ஒரு திருமண வீட்டில் பெரிய மரப்பெட்டி ஸ்பீக்கரில் மாட்டியபோது பந்தலைத் தாண்டவில்லை. “குழாய் நன்றாகக் கொடுக்கும், பெட்டி கொடுக்காது” என்றார் மாமா. நாம் தேடும் சொல் அந்தக் ‘கொடுக்கும்’ என்பதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பொருளை முதலில் சரியாகப் பிடித்துக்கொள்வோம். ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல்? அந்த எண்தான் இது. வீட்டுக்கு வாங்கும் சாதாரணப் பெட்டிகள் 86, 88 என்று நிற்கும். பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்ற புகழ்பெற்ற சிறு பெட்டி 82, 83ஐ ஒட்டித்தான் வரும். ஹார்ன், அதாவது மாமாவின் குழாய் போன்ற வாய், வைத்த கிளிப்ஷ் லா ஸ்காலா 100ஐத் தாண்டும். (1960களில் ஆர்கன்சா ஆளுநர் தேர்தலில் நின்ற வின்த்ராப் ராக்ஃபெல்லரின் பிரசாரத்துக்காகச் செய்யப்பட்ட ஸ்பீக்கர் அது. மாமாவுக்குத் தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். தேர்தல் வந்தால் அவருக்கும் ஓய்வு இருந்ததில்லை.) 10 டெசிபல் கூடினால் பத்தில் ஒரு பங்கு வாட் போதும். 98 டெசிபல் ஸ்பீக்கர் 1 வாட்டில் தரும் ஒலியை 88 டெசிபல் ஸ்பீக்கரிடம் பெற 10 வாட் வேண்டும்.

இங்கே முன்பு ஒரு நண்பர் ‘பயனுறுதிறன்’ என்றார். இயற்பியல் பாடநூலில் வெப்ப இயந்திரத்துக்குச் சொல்லும் நல்ல சொல்; அதற்கு ஸ்பீக்கரிடமும் வேலை உண்டு, ஆனால் வேறு வேலை. உள்ளே போன மின்திறனில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒலியாக வெளியே வந்தது என்பது பயனுறுதிறன். 88 டெசிபல் பெட்டியில் அது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் சூடாகிப் போகிறது. டெசிபல் எண்ணிலோ, ஒலி எந்தப் பக்கம் குவிகிறது என்பதும் சேர்கிறது. ஹார்ன் ஒலியை முன்பக்கம் திரட்டித் தள்ளுவதால் நேர் எதிரே அளக்கும்போது எண் கூடும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் நாளைக்கு இதன் வேறுபாட்டை விளக்க வருபவர் கையில் சொல்லே இருக்காது.

தஞ்சைப் பக்கத்து நண்பர் சொன்ன ‘கண்டுமுதல்’ (அறுவடையில் கண்ட விளைச்சல்) என் மனத்தை இழுத்தது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது என்று கேட்பதும், வாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று கேட்பதும் ஒரே கேள்விதான். ஆனால் ‘உயர் ஒலிக் கண்டுமுதல் ஸ்பீக்கர்’ என்று தலைப்பில் எழுதிப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. அறுவடை அறியாத ஊர்க்காரருக்கு அது இன்னொரு புதுச்சொல்லாகவும் ஆகிவிடும்.

என் பரிந்துரை ‘ஒலியீவு’.

ஈதல் என்றால் கொடுத்தல். மாமாவின் ‘கொடுக்கும்’ அதில் வந்துவிடுகிறது. வகுத்தல் கணக்கில் வரும் விடையும் ஈவு. ஒரு பங்குக்கு எவ்வளவு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. நிறுவனங்கள் பங்குக்கு இவ்வளவு என்று தருவதை நாளிதழ்கள் ஈவுத்தொகை என்றே எழுதுகின்றன. போட்ட ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒலி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. ஒலியீவு மிகுந்த ஸ்பீக்கர், ஒலியீவு குறைந்த ஸ்பீக்கர், ஒலியீவு 98: எப்படிச் சேர்த்தாலும் நாக்கு தடுக்கவில்லை.

‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று என்று தொல்காப்பியம் சொல்வதை யாரேனும் நினைவூட்டக்கூடும். அது இரப்பவன் பேச்சில் வரும் வினைக்குச் சொன்னது. ஈவு என்ற பெயர்ச்சொல் கணக்குப் புத்தகத்தில் எவர் முன்னும் பணியாமல் நிற்கிறது. டெசிபல் மடக்கை அளவாயிற்றே, அதை எப்படி ஈவு எனலாம் என்ற கேள்வியும் வரும். ஈவு அளவின் பெயர்; டெசிபல் அதைக் குறிக்கும் அலகு. அமிலத்தன்மையை மடக்கை அளவில் சொல்வதால் அந்தப் பெயரை மாற்றினோமா?

ஒன்று மட்டும் கட்டுரையில் தெளிவாக இருக்கட்டும். சில விற்பனைத் தாள்களில் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் என்று இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டும் ஒன்றே. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வோல்ட்டேஜ் 2 வாட் ஆகிவிடும். எண் 3 டெசிபல் கூடுதலாகத் தெரியும். ஆகவே ‘வாட் ஒலியீவு’, ‘வோல்ட் ஒலியீவு’ என்று பிரித்தே எழுதுங்கள்.

இனி உங்கள் கட்டுரைக்குள் சொல்லை வைத்துப் பார்க்கிறேன். ஒலியீவு மிகுந்த ஸ்பீக்கர் வைத்திருப்பவர் வாட்டைத் துரத்தத் தேவையில்லை. அவருடைய செலவு குறைவது அங்கேதான். 1978இல் பயனியர் எஸ்.எக்ஸ். 1980 என்ற மாடல் சேனலுக்கு 270 வாட் என்று வந்தது; அதே ஆண்டு நாட் (NAD) 3020 வெறும் 20 வாட்டுடன் வந்தது. 98 ஒலியீவுக்கு இரண்டாவதே தாராளம். வால்வு வேண்டுவோருக்கு 1950களின் கடைசியில் வந்த ஐகோ எச்.எஃப். 81 இருக்கிறது: இ.எல். 84 வால்வுகள், சேனலுக்கு 14 வாட். 1959இல் வந்த டைனகோ ஸ்டீரியோ 70 சேனலுக்கு 35 வாட். வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் கிட் ஆகவும் ஏராளமாக விற்றதால் உதிரிப் பொருளும் பழுது பார்க்கும் வழியும் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. 1960களின் தொடக்கக் கால டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களில் மட்டும் கவனம் வேண்டும். அலை மேலிருந்து கீழே கடக்கும் இடத்தில் அவற்றில் பல தடுமாறும். சத்தமாக வைத்தால் அது மறையும். நாமோ ஒரு வாட்டுக்கும் கீழேயே வாழ்கிறவர்கள், நம் காதில் அது நேராக விழும்.

வாட்டைவிட முக்கியம் அமைதி. பாட்டே இல்லாதபோது ஆம்ப்ளிஃபையரின் வெளிவாயில் 1 மில்லிவோல்ட் ஹம் (முனகல்) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2.83 வோல்ட்டுக்கு அது 69 டெசிபல் கீழே. 86 ஒலியீவுள்ள பெட்டியில் 17 டெசிபல், காதுக்கு எட்டாது. 104இல் 35 டெசிபல். இரவில் அறையில் உட்கார்ந்தால் கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பாடத்தை நான் கற்றது ஓர் இரவில். பழைய வால்வு செட் ஒன்றைச் சீரிஸ் லேம்ப் (மின்சாரத்தை மட்டுப்படுத்த இடையில் மாட்டும் பல்பு) போட்டு மெல்ல உயிர்ப்பித்து, ஹார்னுக்குள் காதை வைத்தேன். வண்டு ஒன்று உள்ளே அடைபட்டது போல ஒரே சீராக முனகியது. ஃபில்டர் கண்டன்சர்கள் வறண்டு போயிருந்தன. நான்கையும் மாற்றியதும் வண்டு பறந்துவிட்டது. ஆகவே வாங்கும் முன் ஒலியளவுத் திருகை முழுவதும் குறைத்துவிட்டு, தம் ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரரின் சிறு பெட்டியில் எல்லாமே அமைதியாகத்தான் இருக்கும்.

அந்த மிச்ச ஓசைக்கு ‘அடியிரைச்சல்’ என்று நான் எழுதிவருகிறேன். பாட்டுக்கு அடியில் படிந்து கிடக்கும் இரைச்சல் என்ற பொருளில். மாற்று இருந்தால் சொல்லுங்கள், ஏற்கிறேன்.

‘ஒலிபெருக்கி’யைத் தொடாமல் விட்டதைக் கவனித்திருப்பீர்கள். பெருக்குவது ஆம்ப்ளிஃபையர், பெயர் வாங்கியது ஸ்பீக்கர். அரசாணையிலும் நாளிதழிலும் ஊன்றிப்போன சொல்லை இனிப் பிடுங்க முடியாது. ஆனால் ‘ஒலிபெருக்கிக்கு ஏற்ற பெருக்கி’ என்று எழுதினால் வாசகர் முதல் வரியிலேயே விழுந்துவிடுவார். அதனால் உங்கள் கட்டுரையில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் அப்படியே இருக்கட்டும். அவை ஊரார் நாவில் பழகியவை. ‘விண்டேஜ்’ என்பதற்கும் ‘அந்தக் காலத்து’ என்றாலே போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ‘ஒலியீவு’க்கு மறுப்பு வந்தால் குழுமத்தில் பேசுவோம். வராவிட்டால், கட்டுரையின் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள், ஐயா.

அன்புடன்.

பி.கு.: அமெரிக்க செட்டுகள் 117 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230இல் நேராகச் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரின் செலவையும் சேர்த்தே விலை கணக்கிடச் சொல்லுங்கள்.